கட்டைவிரல் விழுந்த படம்

1

எந்த நாடு என்று எழுதாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதவில்லை. குளிரான நாடு. இங்கிலீஷ் பேசும் நாடு. ஜனநாயகம் என்றால் என்ன என்று மற்ற நாடுகளுக்கு விமானம் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற நாடு. இந்த அடையாளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகள் பொருந்துவதால் வக்கீலுக்கு ஆட்சேபம் இல்லையாம். என் பெயரும் வேண்டாம். கொடைக்கானல்காரி, இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

போன வியாழக்கிழமை இங்கே தேர்தல். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஹால்தான் எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி. குடியுரிமை கிடைத்ததிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பெயரைச் சரிபார்த்து, வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பது நான்தான். இங்கே விரலில் மை கிடையாது. மறைப்புக்குள்ளே நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தப் பென்சில்களை முந்தின நாளே சீவி வைக்கிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். மொண்ணைப் பென்சிலால் ஓட்டுப் போடுவதாவது!

இந்த முறையும் நகராட்சி அலுவலகத்துப் பெண்மணி கூப்பிட்டார். "வழக்கம்போல வருவீங்கதானே? உங்களைத்தான் முதலில் நினைத்தேன்" என்றார். காய்ச்சல் என்று சொன்னேன். தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்கூட்டியே காய்ச்சல் வரும் என்று தெரிந்துவைத்திருக்கிறவளிடம் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மரியாதையான ஜனங்கள்.

வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கிலோக்கணக்கில் வெங்காயம் உரித்தேன். ஓட்டுப் போடவும் போகவில்லை. அப்பா உயிரோடு இருந்து இதைக் கேள்விப்பட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

2

அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அப்பாவும் அங்கேயே பிறந்தவர். அந்த நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, தோட்டத்துச் சனங்களெல்லாம் வெளியாட்கள் என்று சட்டம் போட்டு ஓட்டைப் பிடுங்கிக்கொண்டது. அப்புறம் இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து தலைகளைப் பங்கு பிரித்தார்கள். எங்கள் தலைகள் இந்தியாவின் பங்கில் விழுந்தன. நான் கைக்குழந்தையாகக் கப்பலேறினேன். மண்டபம் முகாம், அங்கிருந்து பழனிமலை, கடைசியில் வில்பட்டிக்கு அப்பால் ஒரு சரிவில் கூலி வேலை என்று வந்து சேர்ந்தோம். தம்பி செபா அங்கேதான் பிறந்தான்.

தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதற்குப் பெரட்டு என்று பெயர். அப்பா அடிக்கடி சொல்வார்: "பெரட்டுல நம்ம பேரு இருந்துச்சு, ஓட்டுல இல்ல. வேலைக்கு மட்டும் நாங்க மனுசன்." வாக்காளர் பட்டியலில் முதல்முறை பெயர் வந்தபோது கொடைக்கானல் மாதா கோயிலில் பூசை வைத்தார். ஓட்டுப் போட வெள்ளனே எழுந்து, சவரம் செய்து, கல்யாண வேட்டியைக் கட்டிக்கொண்டு போவார். யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. கேட்டால் எரிந்து விழுவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓட்டு என்பது எங்கள் வீட்டில் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமான விஷயம். அந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு, தம்பிக்கும் உண்டு. நான் பென்சில் சீவினேன். அவன் கிராமசபைக்குப் போனான்.

3

அப்பாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்காகப் போன வருஷம் ஊருக்குப் போனேன். பஸ்ஸில் இறங்கி எங்கள் சரிவுக்குத் திரும்புகிற மண்பாதையின் வாயில் புதிதாக ஒரு செக்போஸ்ட் நின்றது. இரும்புத் தடுப்பு, கம்பத்தில் இரண்டு கேமரா, ஒரு போர்டு. போர்டில் இரண்டு கொடி வரைந்திருந்தது. ஒன்று இந்தியக் கொடி. இன்னொன்று என் பாஸ்போர்ட்டைக் கொடுத்த நாட்டின் கொடி. "பயங்கரவாதத் தடுப்பு ஒத்துழைப்பு" என்று இரண்டு மொழியில் எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் சரிவுக்கு மேலே முகட்டில் தங்கும் விடுதிகள் பெருகிவிட்டன. வெளிநாட்டு இளசுகள் கூட்டம் கூட்டமாக வந்து மாசக்கணக்கில் தங்குகின்றன. அவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று அவர்கள் நாட்டிலிருந்து எச்சரிக்கை வந்ததாம். கேமரா வந்தது, பயிற்சி வந்தது, தடுப்பு வந்தது. ஆனால் முகட்டுக்குத் தனி ரோடு இருக்கிறது. தடுப்பை அந்த ரோட்டில் போட்டால் விடுதிக்காரர்களின் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே எங்கள் சரிவின் பாதையில் போட்டார்கள். பயப்பட வேண்டியவர்கள் யார் என்று முடிவாகிவிட்டது.

கேரட்டும் பீன்ஸும் ஏற்றிய பிக்கப் வண்டி விடியுமுன் மலை இறங்கினால்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நல்ல விலைக்குப் போகும். இப்போது ஒவ்வொரு மூட்டையையும் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கிறார்கள். தாமதமாகப் போகிற சரக்குக்கு அங்கே மரியாதை கிடையாது. அதைவிட, தன் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போகிறவன் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும்.

நானும் செபாவும் அந்தப் பாதையில் நடந்து போனோம். தடுப்பில் நின்ற போலீஸ்காரப் பையன் செபாவுக்குத் தெரிந்தவன்தான்.

"அண்ணே, ஆதார்."

"ஏப்பா, காலையிலதான பாத்த? மத்தியானத்துக்குள்ள வேற ஆளா மாறிட்டனா? சோலி கெடக்கு, வெரசா விடு."

"ரூல்ஸ்ண்ணே. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க? மேல கேமராவுல பாக்குறாங்க."

செபா சட்டைப்பையைத் துழாவினான். நான் கைப்பையைத் திறந்தேன். என் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்ததும் பையன் விறைத்து நின்றான். "வெல்கம் மேடம். நீங்க போங்க மேடம்" என்று தடுப்பை நகர்த்தினான். செபா அப்படியே நின்று என்னைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாத்தியாக்கா! இங்கன பொறந்தவன் நிக்கிறேன், ஓடிப்போனவளுக்கு வெல்கமாம்!" நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, என்ன செய்ய.

செபா இதைப் பற்றிக் கிராமசபையில் பேசினான். நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. "பாதுகாப்பு வேணாம்னு சொல்லல. தடுப்பை விடுதி ரோட்டுப் பிரிவுக்கு மாத்துங்க. எங்க பாதைய எங்களுக்கு விடுங்க." அவ்வளவுதான் தீர்மானம். கை தூக்கச் சொன்னபோது பெண்கள்தான் முதலில் தூக்கினார்கள். பேசி முடித்து எல்லாரும் செக்போஸ்ட் வழியாக வீடு திரும்பினோம். போர்டுக்கு முன்னால் செபா நின்று, "இந்தா, உங்க நாட்டுக் கொடி. இதோட என்னைய ஒரு போட்டோ எடுக்கா" என்று கையை உயர்த்திப் போஸ் கொடுத்தான். பின்னால் ஊர்ச்சனம் சிரித்துக்கொண்டு நின்றது. எடுத்தேன். என் கட்டைவிரல் லென்ஸின் ஓரத்தில் விழுந்து, படத்தின் மூலையில் சதைத் திட்டாகத் தெரிந்தது. அசிங்கமாக இருந்ததால் அதை யாருக்கும் அனுப்பவில்லை. போனிலேயே கிடந்தது.

4

இனி சூட்கேஸ் கதை.

முன்னொரு தடவை நான் ஊரில் விட்டுவந்த கெட்டி சூட்கேஸ் ஒன்று தம்பி வீட்டில் இருந்தது. மூடினால் ரப்பர் பட்டை இறுக்கிக்கொள்ளும், காற்றுப் புகாது. எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் தீப்பெட்டி முதல் அப்பளம் வரை எல்லாம் நமுத்துப்போகும். ராத்திரியில் காட்டுமாடு கேரட் தோட்டத்தில் இறங்கும்போது விரட்ட வெடி வேண்டும். நமுத்த வெடியைக் கொளுத்தினால் காட்டுமாடு திரும்பிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும். ஆகவே தம்பி மனைவி ராணி அந்தச் சூட்கேஸை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி, மழைக்காலம் முழுக்க வெடிகளை அதற்குள் வைத்திருந்தாள். நல்ல யோசனைதான். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வெடி அடுப்பங்கரையில்தான் இருக்கும், சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள்.

நான் கிளம்பும்போது அதே சூட்கேஸைத் துடைத்துப் பூண்டும் காப்பித்தூளும் நிரப்பிக் கொடுத்தாள். "கப்புனு மூடிக்கிரும் மதினி, ஒங்க பிளேனுக்கு வாசம் போகாது" என்றாள்.

இங்கே வந்து இறங்கியதும் சுங்கத்தில் ஒரு துணித்துண்டால் பெட்டியின் உள்பக்கம் தடவி இயந்திரத்தில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு துண்டு. மறுபடி சிவப்பு. என்னை ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. இந்த ஊர் ரயிலில் குண்டு வெடித்திருக்கிறது. என்னோடு பாத்திரம் கழுவும் சிநேகிதியின் புருஷனுக்கு அதில் ஒரு கால் போயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். காட்டுமாடு, பனி, பரண் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்தில் மாடு நிற்கிற வீடியோவையும் காட்டினேன். அந்த வெடிக்கு எங்கள் ஊரில் 'அணுகுண்டு' என்று பெயர் என்பதை மட்டும் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அதிகாரி ஓர் இளம்பெண். காகிதக் கோப்பையில் டீ கொடுத்தாள். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வேறொருவர் வந்து காதில் ஏதோ சொன்னார். "பெட்டி விஷயம் முடிந்துவிட்டது, பிரச்சினை இல்லை" என்றாள்.

நான் எழுந்தேன். "உட்காருங்கள்" என்றாள்.

"நான் கைதா சார்?" என்று கேட்டேன். பெண்ணைச் சார் என்றேன். எங்கள் ஊரில் பதற்றம் வந்தால் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். நான் சார் போடும்போதெல்லாம் பக்கத்திலிருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார்.

"கைது இல்லை. ஆனால் போகவும் முடியாது. இங்கே கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது குற்றம். போனின் ரகசிய எண்ணைத் தராமல் இருப்பதும் குற்றம்" என்று அச்சடித்த தாளைப் படித்துக் காட்டினாள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க உரிமை உண்டு. என்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதனால் அந்த உரிமையும் இல்லை. இப்படி ஒரு சட்டத்தை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

எண்ணைச் சொன்னேன். போனைத் திறந்து புரட்டிக்கொண்டே கேட்டார்கள். தம்பி என்ன செய்கிறான்? கூட்டத்துக்கு எதற்குப் போனாய்? தீர்மானத்தில் என்ன இருந்தது? தூரத்து நாட்டில் இந்த நாட்டின் படை செய்கிற சண்டையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? கோயிலுக்கு வாரா வாரம் போவாயா? கடைசித் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய்?

அம்மாவுக்குக்கூடச் சொல்லாத அப்பா நினைவுக்கு வந்தார். வாக்குச்சாவடியில் பக்கத்து மறைப்புக்குள் எட்டிப் பார்த்த ஒரு கிழவரை நானே எழுந்துபோய் விலக்கி நிறுத்தியிருக்கிறேன். "அது ரகசியம் இல்லையா?" என்று கேட்டேன். "பதில் சொல்லாமல் இருப்பது குற்றம்" என்று அதே குரலில் மறுபடி படித்தாள். சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவேயில்லை, இன்னொரு டீ கொடுத்தாள்.

மத்தியானம் இறங்கியவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளியே வந்தேன். பூண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போனை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் தபாலில் அனுப்பினார்கள்.

5

என் மகளுக்குப் பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது, "அவங்க வேலையை அவங்க பார்த்தாங்கம்மா. தப்பு இல்லைன்னா பயம் எதுக்கு?" என்றாள். தமிழில்தான் சொன்னாள், பாவம், எனக்காக. அவளைக் கோபிக்கத் தெம்பில்லாமல் சோறு போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை ராணி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"மதினி, ஒங்க தம்பிய டேசனுக்குக் கூப்ட்டுப் போயிட்டாங்க. இந்த லோக்கல் ஆளுங்க இல்ல. பேண்ட் சட்டையில வந்தாங்க. சும்மா பேசிட்டு அனுப்பிருவோம்னாங்க."

மறுநாள் சாயங்காலம்தான் அனுப்பினார்கள். அடிக்கவில்லை. அதிகாரி உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, மேஜைமேல் ஒரு படத்தைப் போட்டாராம். "இது நீதான? யார் சொல்லி இதெல்லாம் பண்ற? ஒங்கக்கா வெளிநாட்டுல இருந்து இயக்குறாளா? பணம் அனுப்புறாளாமே?" அப்பாவின் நினைவுப் பூசைச் சாப்பாட்டுக்கு அனுப்பிய பணம் அது. தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தின் பெயரையும் சொன்னாராம். அதில் உள்ளே போனால் ஜாமீன் லேசில் கிடைக்காது என்று, அண்ணன் தம்பிக்குப் புத்தி சொல்கிற தோரணையில் சொன்னாராம்.

"என்ன படம்டா?" என்று போனில் செபாவிடம் கேட்டேன்.

"செக்போஸ்ட்டுல போர்டுக்கு முன்னால நிக்கிறனே, அந்தப் படம்."

"அது அங்க எப்படி வரும்? வேற யாராச்சும் எடுத்திருப்பாங்க."

"இல்லக்கா. மூலையில ஒன் கட்டவெரலு தெரியுது."

அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. செபாவிடம்கூட அது கிடையாது. உலகத்தில் ஒரே ஒரு போனில் இருந்தது. அந்தப் போன் ஒரு வாரம் ஒரே ஓர் இடத்தில் இருந்தது.

அன்றிலிருந்து செபா வாரம் ஒருமுறை கொடைக்கானலுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறான். வழக்கு இல்லை, கைது இல்லை. கையெழுத்து மட்டும் உண்டு. அந்த அறையில் எனக்கு வாசித்த மொழியின் தமிழாக்கம் போல இருக்கிறது.

மகளிடம் சொன்னேன். மறுமாதம் அவள் பள்ளியிலிருந்து பக்கத்து நாட்டுக்கு ஒரு போட்டிக்குப் போனாள். மாதிரி நாடாளுமன்றம். பிள்ளைகள் உறுப்பினர்களாக உட்கார்ந்து, மசோதா கொண்டுவந்து, விவாதித்து, ஓட்டெடுப்பார்களாம். கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் வெளியேறிய அறிவிப்பு வந்தது. மாமா பிள்ளைகளின் எண்களையும் போனிலிருந்து அழித்திருந்தாள். "ஏர்போர்ட்ல கேட்டா என்ன சொல்றதும்மா?" என்றாள். மாமா வீட்டு ஆட்களைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டு, நாடாளுமன்றத்தில் பேசப் போனாள். பரிசும் வாங்கி வந்தாள். கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசினாளாம்.

6

எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தேன். மாதம் ஒருமுறை நூலகத்தில் உட்கார்ந்து குறை கேட்பார். நல்ல மனுஷன், எழுந்து நின்று கை கொடுத்தார். என் படம் எப்படிக் கொடைக்கானல் போயிற்று என்று கேட்டேன். "பாதுகாப்பு விஷயத்தில் நட்பு நாடுகளோடு என்ன பகிர்ந்துகொள்கிறோம் என்பதை எங்களாலும் கேட்க முடியாது. கேட்டாலும் உண்டு என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள்" என்றார்.

"நீங்கள் ஓட்டு வாங்கி அங்கே போனவர். நீங்களே கேட்க முடியாது என்றால் யார் கேட்பது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்களை வாக்குச்சாவடியில் பார்த்திருக்கிறேனே! உங்கள் சேவைக்கு நன்றி" என்றார்.

பேப்பர் படிக்கிறவள் நான். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தூரத்து நாடுகளுக்குப் படை போய்க்கொண்டிருந்தது. பயங்கரவாதத்தை ஒழித்து, அந்தச் சனங்களுக்குத் தேர்தல் வைத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் இங்கே சில சட்டங்கள் போட்டார்கள். தற்காலிகம் என்றார்கள். படை திரும்பிவிட்டது. போன இடத்தில் தேர்தலும் இல்லை, ஊரும் இல்லை. தற்காலிகச் சட்டம் மட்டும் இங்கேயே குடியேறி, என்னைவிடச் சுலபமாகக் குடியுரிமை வாங்கிவிட்டது. அப்புறம் அதையே ஏற்றுமதி செய்தார்கள். கேமராவாகப் போனது, பயிற்சியாகப் போனது, இரண்டு கொடி போட்ட போர்டாக எங்கள் பாதையில் போய் நின்றது. வாங்கிக்கொண்டவர்களுக்கும் கசக்குமா? நம் ஊர் அதிகாரிகள் இப்போது 'சர்வதேசத் தரம்' என்று சொல்லிக்கொள்கிறார்களாம். தன் சனத்தை மடக்கத் தானே யோசித்த காலம் போய், வெளிநாட்டுத் தரத்தில் மடக்குகிறார்கள்.

குண்டு வைக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், நான் ஏன் தடுக்கப் போகிறேன்? ஆனால் அந்த அறையில் பெட்டி விஷயம் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்க என் ஓட்டையும் தம்பியின் தீர்மானத்தையும்தான் துருவினார்கள். வெடிமருந்தைத் தேடப் போனவர்கள் கிராமசபையைக் கண்டுபிடித்தார்கள். இங்கே நான் வெளியாள், அங்கே நான் வெளிநாட்டுச் சதி. இரண்டு ஜனநாயகத்துக்கும் நடுவில் ஒரு கேரட் விவசாயி வாரா வாரம் பஸ்ஸேறிப் போய்க் கையெழுத்துப் போடுகிறான். என் வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

7

வியாழக்கிழமை சாயங்காலம் என் சமையலறைச் சிநேகிதி, கால் போனவரின் மனைவி, ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். "பென்சில் எல்லாம் மொண்ணை. நீ எங்கே போனாய்?" என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புருஷன் காலைச் சொல்லித்தானே இதெல்லாம் செய்கிறார்கள்? எங்களை ஒருவரும் கேட்கவில்லையே" என்றாள். அவள் போன பிறகு மனசு தாங்காமல் செபாவைக் கூப்பிட்டேன்.

இப்போதெல்லாம் நாங்கள் போனில் பேசுவது வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். பனி எப்படி, மழை எப்படி, காய்ச்சல் யாருக்கு. நடுவில் யாரோ உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே பேசுகிறோம். முன்பெல்லாம் அவன் பேச ஆரம்பித்தால் கேலியும் கிண்டலுமாக நிறுத்த முடியாது. இப்போது கேட்டதற்கு மட்டும் பதில்.

"பனி கெடக்காடா?"

"கெடக்குக்கா. எதுத்த வீடு தெரியல."

"காட்டுமாடு?"

"வருது. வெடி போடுறதில்ல. தகரத்தத் தட்டுறோம்."

எனக்கு மனசு ஆறவில்லை. இதையெல்லாம் போனில் பேச வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தும் கேட்டேன். "கிராமசபை இருந்துச்சே, போனியா?"

"போனேன்."

"செக்போஸ்ட் விஷயம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. அத அங்கயே நெரந்தரமா வைக்கணும், இன்னும் நாலு கேமரா போடணும்னு தீர்மானம். ஊர்க்காரங்க விரும்பிக் கேட்டுக்கிட்ட மாதிரி."

"யாருமே எதுத்துப் பேசலியா? அன்னிக்குக் கை தூக்கின பொம்பளைங்க?"

"யாரும் பேசலக்கா. ஏகமனதா நிறைவேறிருச்சு."

மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற குரலில் சொன்னான். பின்னால் ராணி "போதும், வைங்க" என்று சொல்வது கேட்டது. நான் விடவில்லை.

"முன்மொழிஞ்சது யாரு தம்பி?"

சின்ன வயசில் அப்பாவிடம் அடி வாங்கிவிட்டு வந்து நிற்பானே, அந்தக் குரலில் சொன்னான்.

"நாந்தேங்க்கா."